இன்னும் உறுதி செய்யப்படவில்லை

ஜூலை 5, வெள்ளி

புது வேலையில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து மனைவி தெய்வானையின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஊரார் வீட்டுக் கல்யாணங்களில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். தெய்வானைக்கு இதில் பெரிய நிம்மதி.

இணையத்தில் வரன் தேடித் தரும் நிறுவனம். ஈரோடு பெருந்துறை சாலையில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. எங்கள் தளத்தில் பதிவு செய்பவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும். உடனே அந்த முகவரிக்கு ஒரு மடல் போகும். அதில் ஒரு இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால்தான் பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரியும். முப்பது நாளுக்குள் சொடுக்காவிட்டால் கணினி பதிவைத் தானாக அழித்துவிடும். சொடுக்காதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஏன் என்று கேட்பதுதான் என் வேலை. திரையில் அவர்கள் பெயருக்கு எதிரே மஞ்சள் நிறத்தில் 'இன்னும் உறுதி செய்யப்படவில்லை' என்று இருக்கும்.

ஒரு கண்டிப்பான விதி உண்டு. பெண்ணின் பதிவு என்றால் முகவரி பெண்ணுடையதாக இருக்க வேண்டும், சொடுக்குவதும் பெண்ணே சொடுக்க வேண்டும். பெண்ணுக்குத் தெரியாமலே அப்பாவும் மாமாவும் பதிவு போட்டு, பையன் வீட்டார் வந்து காப்பி குடிக்கும்போது குட்டு உடைந்த கதைகள் நிறைய இருக்கிறதாம். இந்த விதியை எனக்கு மூன்று தடவை சொன்னவள் நஸ்ரின், எனக்கு மேலதிகாரி. வயது இருபத்தொன்பது. என் மகளைவிட ஒரு வயது பெரியவள், என்னைவிடப் பத்து வயது பொறுமைசாலி.

இன்று நானும் ஒரு பதிவு செய்தேன், என் மகள் மிருதுளாவுக்கு. ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. கொடுத்தது, பிளஸ் டூ முடித்து கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டபோது நானே அவளுக்கு உண்டாக்கித் தந்த மின்னஞ்சல் முகவரி. இன்றுவரை அதைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறாள். ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மடலைப் பார்த்ததும் அவளே கூப்பிடுவாள்.

ஜூலை 8, திங்கள்

பட்டியலில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேரைக் கூப்பிட்டேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்று ஒரு விவசாயி. மகள் பெயர் கோகிலவாணி. நான்கு நாளாகச் சொடுக்கவில்லை என்பதால் கூப்பிட்டேன்.

"சொடுக்கறதுக்குத்தானுங்க பாத்துட்டு இருக்கறோம். புதங்கிழமை காலைல நேரம் நல்லா இருக்குது. அதுவரைக்கும் சாமிகிட்ட வெச்சிருக்கறோம்."

"எதைங்க?"

"மெயிலைத்தானுங்க."

மகளின் போனை வாங்கி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அந்த மடலைக் காகிதத்தில் அச்சடித்து வாங்கியிருக்கிறார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். அந்த இணைப்பு இருபத்து நான்கு மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும் என்று நான் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"ஏனுங்க, மாட்டு வண்டி காலத்துலயே பத்திரிகைய ஒரு வாரம் சாமிகிட்ட வெச்சாங்க. இது கம்ப்யூட்டருங்க, ஒரு நாளு தாங்காதுங்களா?"

புதன்கிழமை காலை புதிய மடல் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். நஸ்ரினிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, இந்த மாதம் இதே மாதிரி ஐந்தாவது ஆள் என்றாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து, ஈரோட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு தாமதமாகச் சொடுக்குகிறார்கள் என்று கேட்டு மாதாமாதம் ஓலை வருகிறதாம். ராகு காலத்தை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சமையல் எரிவாயு பதிவு செய்தேன். மூக்குக் கண்ணாடிக்குப் புது திருகு போட்டாயிற்று. மிருதுளா சொடுக்கவில்லை. இணைப்பை மறுபடி அனுப்பினேன்.

ஜூலை 11, வியாழன்

மிருதுளா கூப்பிட்டாள். ஓசூரில் குளிர், விடுதியில் தண்ணீர் லாரி வரவில்லை, உடன் வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா முட்டி வலிக்குத் தைலம் தேய்த்தாளா. பதினெட்டு நிமிடம் பேசினாள். மடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. ஒருவேளை பார்த்திருக்க மாட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை மடல் வரும், அதில் இது எங்கே கண்ணில் படப்போகிறது?

இதற்கு முன் நான்கு இடம் பார்த்துத் தட்டிப் போயிற்று. இரண்டு ஜாதகத்தில், ஒன்று பையனின் வேலையில். நான்காவது தாராபுரத்துக்காரர்கள். அது ஏன் அமையவில்லை என்று இப்போது சரியாக நினைவில்லை.

மிருதுளாவுக்கு எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கால் முறிந்தது. சேர்ந்த எலும்பு சற்றுக் குட்டையாகச் சேர்ந்துவிட்டது. கவனித்துப் பார்த்தால்தான் நடையில் தெரியும். பதிவில் அதை நான் எழுதவில்லை. 'அடக்கமான பெண்' என்று எழுதினேன். அதைப் படித்தால் தெய்வானையே சிரிப்பாள்.

ஜூலை 12, வெள்ளி

ஆனி முடிய இன்னும் நாலு நாள்தான். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை யாரும் தொடங்க மாட்டார்கள். அதனால் அலுவலகத்தில் போன் ஓயவில்லை.

சென்னியப்பன் மறுபடி கூப்பிட்டார். புதன்கிழமை நல்ல நேரத்தில் மடல் போனது, அவருடைய மகள் சொடுக்கவில்லை.

"கேட்டா அப்புறம் பாக்கறேன்னு போயிருதுங்க. உங்க கையிலயும் ஒரு பட்டன் இருக்குதாமா. எங்கூர்ல ஒருத்தரு சொன்னாரு. அத நீங்க ஒரு அமுக்கு அமுக்கி உடுங்க, புண்ணியமாப் போகும்."

உண்மைதான். மின்னஞ்சல் முகவரியே இல்லாத பெரியவர்களுக்காக, மறுமணப் பதிவுகளில், எங்களுக்கு அப்படி ஒரு வசதி உண்டு. அதற்கும் நஸ்ரின் கையெழுத்து வேண்டும்.

"அது முடியாதுங்க. உங்க பொண்ணு சொடுக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். போனை அதுகிட்டயே குடுத்து, என்ன எழுதியிருக்கறோம்னு படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. புடிக்கலைன்னா மாத்தச் சொல்லுங்க. வாழப் போறது அதுதானுங்களே?"

நன்றாகத்தான் பேசினேன். பக்கத்து மேசையில் இருந்த நஸ்ரின் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர் சார்" என்றாள். மதியம் அவள் கொண்டுவந்த பிரியாணியில் எனக்கும் பங்கு கிடைத்தது.

ஜூலை 14, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிருதுளாவின் பதிவு ஆகஸ்ட் நான்காம் தேதி அழிந்துவிடும். அது நடு ஆடி. ஆடியில் புதிதாகத் தொடங்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஆகாது. ஆகவே நாளை திங்கட்கிழமையை விட்டால், ஆவணியில்தான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு அதற்குள் இருபத்தொன்பது நடக்கும்.

தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டாத் தேவலையில்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருவா."

"அப்ப அவளுக்கு வேண்டாம்னுதானுங்களே அர்த்தம்?"

இந்த அம்மாக்களுக்கு எல்லாமே சுலபம். நாளைக்கு ஊர் கேட்கும்போது பதில் சொல்வது யார்? நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். ராசிபலனைத் தவிர ஒன்றும் மனதில் நிற்கவில்லை. படுக்கும் முன் போனிலிருந்தே மிருதுளாவுக்கு இணைப்பை மூன்றாம் முறை அனுப்பினேன்.

ஜூலை 15, திங்கள்

தூறல். பேருந்து கால் மணி தாமதம். பட்டியலில் நாற்பது பேர்.

ஜூலை 16, செவ்வாய்

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நஸ்ரின் கையைக் குலுக்கினாள்.

"வாழ்த்துகள் சார். உங்க பொண்ணு வெரிஃபை பண்ணிட்டாங்க போல. பச்சை வந்துருச்சு, பார்த்தேன்."

"ஆமாம் அம்மிணி" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சென்னியப்பன் கூப்பிட்டார். நான் சொன்னபடி போனை மகளிடம் கொடுத்தாராம். அந்தப் பெண் முழுவதும் படித்துவிட்டு, 'வேலைக்குப் போக விருப்பமில்லை' என்று அப்பா எழுதியிருந்ததை அழித்து, 'கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன்' என்று மாற்றி எழுதிவிட்டு, அவர் கண் முன்னாலேயே சொடுக்கிவிட்டதாம்.

"நேரங்காலம் பாக்கலீங்க. செவ்வாக்கிழமைன்னு சொன்னேன், கேக்கல. ஆனா அவ மூஞ்சியப் பாக்கோணுமே! நீங்க சொல்லலைன்னா எனக்கெல்லாம் தோணியிருக்காதுங்க. நல்லா இருப்பீங்க."

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலை தெய்வானை பால் வாங்கப் போயிருந்தாள். மிருதுளாவின் மின்னஞ்சலை என் போனில் திறந்தேன். பதினொரு வருடத்துக்கு முன் நான் வைத்துக் கொடுத்த கடவுச்சொல். மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன், மாற்றியிருக்கவில்லை. எங்கள் நிறுவனத்தின் இணைப்பைச் சொடுக்கிவிட்டு வெளியே வந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிந்திருந்தது.

பெற்ற மகளுக்கு நல்லது செய்வதற்கு நான் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

ஜூலை 22, திங்கள்

ஒரு வாரத்தில் பதினோரு பையன் வீட்டார் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். தெய்வானையிடம் சொன்னேன், மிருதுளாவே சொடுக்கிவிட்டாள் என்ற மாதிரி. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

காங்கேயத்திலிருந்து ஒரு வரன். பையன் பொறியாளர், வீட்டில் அரிசி ஆலை. ஜாதகம் ஒன்பது பொருத்தம். பையனின் அம்மா நேற்றே பேசினார். மரியாதையான பேச்சு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெண் பார்க்க வருகிறோம் என்றார். எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மிருதுளா ஒரு வாரமாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் 'வேலைப்பா' என்று செய்தி வருகிறது. சோதனைப் பிரிவில் இப்போது வேலை அதிகமாக இருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

காங்கேயத்து அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க சொந்தபந்தம், ஒறம்பறைல விசாரிச்சோமுங்க. பொண்ணு காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்குதுன்னு சொல்றாங்க. நேர்ல வந்து பாத்துட்டு வேண்டாங்கறது உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பிச்சு உடுங்களேன். சும்மா, அங்கிருந்து இங்க நடந்து வர்ற மாதிரி."

"சரிங்க, கேட்டுட்டு அனுப்பறேனுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தெய்வானை சமையலறை வாசலில் நிற்கிறாள். தட்டைப் போட்டாள், சோறு போட்டாள், மோர் ஊற்றினாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு தடவைதான் இருந்திருக்கிறாள். தாராபுரத்துக்காரர்கள் வந்துபோன அன்று.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு விஷயத்தை இதில் பொய்யாக எழுதி வைத்திருக்கிறேன். என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டில் பொய் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது?

முதலாவது, தாராபுரம். நினைவில்லை என்று எழுதினேன். எல்லாம் நினைவிருக்கிறது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மிருதுளா பச்சைச் சேலையில் வந்து காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பையனின் அத்தை, "கொஞ்சம் வாசல் வரைக்கும் நடந்து போய்ட்டு வா கண்ணு, பாக்கலாம்" என்றார். மிருதுளா என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, 'அதெல்லாம் வேண்டாமுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல இடம், கெட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வாசல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள். எட்டுப் பேரும் காலைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள் சொல்லவே இல்லை.

இரண்டாவது, மின்னஞ்சல். நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன். படிக்காத மடல்கள் தடித்த எழுத்தில் இருக்கும் என்பது என் வேலைக்கு அரிச்சுவடி. அன்று அவள் பெட்டியைத் திறந்தபோது எங்கள் நிறுவனத்திலிருந்து போன மடல்கள் மூன்று இருந்தன. மூன்றும் மெல்லிய எழுத்தில் இருந்தன. மூன்றையும் அவள் படித்திருந்தாள். அது தெரிந்த பிறகுதான் நான் சொடுக்கினேன்.

வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

அலுவலகம் போகும் முன் காங்கேயத்துக்குக் கூப்பிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி பேசினேன், சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"வீடியோ அனுப்ப முடியாதுங்க. எம்பொண்ணு நடந்து காட்டமாட்டா. காலு குட்டைதான். அத முதல்லயே எழுதாதது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. ஆவணிலயும் வர வேண்டாமுங்க."

அந்த அம்மா, "அட, என்னங்க இப்படிப் பேசறீங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மாலையில் தெய்வானையிடம் இரண்டையும் சொன்னேன், போனில் பேசியதையும், சொடுக்கியது யார் என்பதையும். "தெரியுமுங்க" என்றாள். பிறகு, "அவகிட்ட நீங்கதான் சொல்லோணும், நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மிருதுளாவுக்கு, ஆடிப்பெருக்குக்கு வருவாயா என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 30, செவ்வாய்

'வர்றேன்பா' என்று பதில். மிச்ச நேரமெல்லாம் போன்தான். ஆடியிலும் ஊர் சும்மா இருக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி பதினெட்டு. தெய்வானை விடியலிலேயே எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று மூன்று சாதம் கிளறிவிட்டாள். மிருதுளா காலை எட்டு மணி வண்டியில் வந்தாள். இளைத்திருக்கிறாள். கருங்கல்பாளையம் ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் அதிகம், போலீஸ் யாரையும் இறங்க விடவில்லை. கரையிலிருந்தே பூவை விட்டுவிட்டுக் கும்பிட்டோம். தெய்வானை தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேச நின்றுவிட்டாள். நானும் மிருதுளாவும் முன்னால் நடந்தோம்.

சொல்ல வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவளே கேட்டுவிட்டாள்.

"அப்பா, என் மெயில நீங்கதான தொறந்தீங்க?"

"ஆமாங் கண்ணு. எப்படித் தெரியும்?"

"கம்பெனி பஸ்ல போய்ட்டு இருந்தேன். உங்க பதிவு உறுதியாயிருச்சு, நல்வரவுன்னு மெயில் வருது. திங்கக்கிழமை ஒம்பது மணி பத்து நிமிஷம். ராகு காலம் முடிஞ்சு சரியாப் பத்து நிமிஷம். உலகத்துல வேற யாருப்பா?"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அவளும் நிறுத்திவிட்டாள்.

"நீங்க அனுப்பின அன்னிக்கே பாத்துட்டேன். வேண்டாம்னு சொன்னா நீங்க ரெண்டு நாளு சாப்பிட மாட்டீங்க. சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. தொடாம உட்டுட்டா ரெண்டுமே சொல்ல வேண்டியதில்ல. எல்லாத்துலயும் உங்களுக்காகத் தலையாட்டியாச்சு. எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான்பா. அதையும் நீங்களே அமுக்கிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காங்கேயத்து விஷயத்தை முழுவதும் சொன்னேன். முதலில் சரி என்று சொன்னதையும் மறைக்கவில்லை. பிறகு பேருந்து நிறுத்தத்தில் என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொன்னாள். சொன்னேன். நின்றுவிட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் துடைத்தாள்.

"தாராபுரத்துக்காரங்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்பா."

"சொல்லியிருக்கோணும். என் தப்பு, சாமி."

ஐம்பத்தேழு வயதில் மகளிடம் முதல் தடவையாக இந்த வார்த்தையைச் சொன்னேன். நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த தெய்வானை, சாதம் இருந்த தூக்குப்போசியை என் கையில் திணித்து, "சாதம் ஆறிப் போகுது, வாங்க" என்றாள்.

கல்யாணமே வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. எலுமிச்சைச் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நஸ்ரினிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"சார், இத நான் மேல எழுதித்தான் ஆகணும்."

"எழுதும்மா. அதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதான் பயமா இருந்துச்சு."

பட்டியல் என்னிடமிருந்து போய்விட்டது. பெங்களூரிலிருந்து பதில் வரும்வரை புகைப்படங்களைச் சரிபார்க்கும் மேசை. ஒரே படத்தில் ஆறு பேர் நிற்பார்கள், மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலை போனாலும் போகலாம் என்றாள். போனால் தெய்வானையின் சமையல் இருக்கிறது.

மிருதுளாவின் பதிவை நீக்கச் சொல்லிக் கேட்டேன். நீக்குவதற்கும் அவள் முகவரிக்குத்தான் மடல் போகும், அவள்தான் சொடுக்க வேண்டும். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நஸ்ரின் அனுப்பினாள். நான் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் திரையில் பெயர் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மனது வலித்தது. இல்லை என்று எழுத மாட்டேன். அவள் பதில் என்ன என்பது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாலை ஆறரைக்கு மிருதுளா கூப்பிட்டாள். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, போன் பக்கத்துல இருக்குதா? மெயில் பாஸ்வேர்ட மாத்திட்டேன். அதுல நீங்க அப்ப உங்க முகவரியத்தான் காவலுக்குக் குடுத்து வெச்சிருக்கீங்க. அத எடுத்துட்டு என் நம்பரப் போடறேன். எடுக்கறதுக்கு உங்க சம்மதம் வேணுமாம். ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்றீங்களா?"

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். மடல் வந்திருந்தது. இந்தக் கணக்கிலிருந்து உங்கள் முகவரி நீக்கப்படவிருக்கிறது, இந்த எண்ணைக் கொடுத்தபின் உங்களால் இதைத் திறக்க முடியாது என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். எண் பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும். தெய்வானை துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சுவரில் காலண்டர் என் கண்ணுக்கு நேரே தொங்கியது. நான் நேரம் பார்க்கவில்லை.

"எழுதிக்க கண்ணு" என்றேன். ஏழு. பூஜ்யம். மூன்று. மூன்று. ஒன்பது. நான்கு.

அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆச்சுங்கப்பா" என்றாள்.

"சரி கண்ணு."

"அப்பா, வெச்சராதீங்க" என்றாள் மிருதுளா. "இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க."